ஒரு மணிச் சோறு

கூட்டம் முடியப்போகிறது என்று நாங்கள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும் நேரம் பார்த்துத்தான் அவர் கையைத் தூக்குவார். பெரிதாக எல்லாம் தூக்க மாட்டார். முழங்கை மேசையில் ஊன்றியபடி இருக்கும், உள்ளங்கை மட்டும் மேலே வரும். அதைப் பார்த்ததும் பின்வரிசையில் யாராவது பெருமூச்சு விடுவார்கள். பள்ளி முதல்வர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். என்ன கேள்வி வரப்போகிறது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

"புடாக் டாப்பாட் ஆப்பா, துவான்?"

பிள்ளைக்கு என்ன கிடைக்கும், ஐயா? அவ்வளவுதான் கேள்வி. கூட்டம் மலாயில் நடப்பதால் அங்கே மலாயில் கேட்பார். ஆசிரியர் அறையில் எங்களிடம் என்றால், "சரி சார், இதுல புள்ளைக்கு என்ன?" என்பார். மண்டபத்துக்குப் புதுத் திரைச்சீலை, பள்ளிப் பெயர் போட்ட டீசட்டை, சுவர் முழுக்க ஓவியம், ஆசிரியர் தினத்துக்கு நடனப் பயிற்சி, எது வந்தாலும் இதே கேள்விதான். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை சும்மா இருப்பார். வாதாட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். நாங்கள் மடியில் பையோடு உட்கார்ந்திருப்போம். அந்தக் காத்திருப்பில்தான் எங்கள் உயிர் போகும்.

மலாய் ஆசிரியைகள் அவருக்கு 'சிக்கு டாப்பாட் ஆப்பா' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். சிக்கு என்றால் ஆசிரியர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் போனில் கூப்பிட்டு, இதை எழுதியதில் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று கேட்பார்.

கிள்ளானில் துறைமுகத்துக்குப் போகும் சாலையோரம் இருக்கிறது எங்கள் இடைநிலைப்பள்ளி. வகுப்பறை போதாததால் இரண்டு நேரப் பள்ளி. காலையில் பெரிய வகுப்புகள். மத்தியானத்துக்கு மேல் சின்னவர்கள்: படிவம் ஒன்று, படிவம் இரண்டு, பிறகு புகுமுக வகுப்பு. தமிழ்ப்பள்ளியிலும் சீனப்பள்ளியிலும் ஆறாம் ஆண்டு வரை படித்துவிட்டு, மலாய் இன்னும் கைவராத பிள்ளைகளைப் படிவம் ஒன்றுக்கு அனுப்பாமல் ஓர் ஆண்டு வைத்திருக்கும் இடம்தான் புகுமுக வகுப்பு. பெரிய பரீட்சை எழுதுகிறவர்கள் காலையில் வருகிறார்கள், அதனால் பள்ளியின் பெயர் காலையில் இருக்கிறது. மத்தியானப் பிள்ளைகளுக்கு வாய்ப்பது காலைப் பிள்ளைகள் அழிக்காமல் போன பலகையும், அவர்கள் மேசைக்குள் விட்டுப்போன குப்பையும், அரைநாள் முழுக்க வெந்த அறையும்தான். சத்தம் கேட்காதவரை மத்தியானப் பள்ளியைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை.

அந்த மத்தியானப் பள்ளிக்கு அந்த அம்மாதான் மேற்பார்வையாளர். நான் அங்கே அறிவியல் ஆசிரியர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு, தினமும் கோமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வந்து திரும்புகிறவன். இந்த ரயில் விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. பந்திங் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எந்நேரமும் கால்வலி. மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வேலை பார்ப்பார். ஏதாவது ஒரு பிள்ளை அறை வாசலில் வந்து நின்றால், செருப்பைத் தேடும் பொறுமைகூட இல்லாமல் வெறுங்காலோடு எழுந்து போய்விடுவார். நாங்கள் போய் நின்றால் மட்டும், "உள்ள வாங்க சார்" என்று உட்கார்ந்தபடியே சொல்வார். இதையெல்லாம் நான் கவனித்து வைத்திருந்தேன். ஆசிரியர் என்கிற ஜென்மத்துக்கும் கால் வலிக்கும், பசிக்கும், வீடு இருக்கும் என்பது இந்த அம்மாவுக்குத் தோன்றவே தோன்றாதா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கடுப்பு இருந்துகொண்டே இருந்தது.

ஒரு வருடம் பள்ளி வாசலில் மீன்குளம் கட்டினார்கள். நடுவில் நீரூற்று, சுற்றிலும் கூழாங்கல், கரையில் உட்காருவதற்கு வழவழவென்று சிமெண்டுத் திட்டு. அதற்கான கூட்டத்தில் வழக்கம்போல உள்ளங்கை மேலே வந்தது. முதல்வர் கொஞ்சம் யோசித்து, "மன அமைதி கிடைக்கும், சிக்கு" என்றார். இவர் சரி என்று தலையாட்டிக்கொண்டார். குளம் திறந்த மறுநாள் பார்த்தால், சுற்றிலும் கயிறு கட்டி, மாணவர்கள் நுழையக் கூடாது என்று ஒரு பலகையும் மாட்டியிருந்தது. இவர் பலகையைக் கழற்றினார், கயிற்றைச் சுருட்டினார், இரண்டையும் கொண்டுபோய் முதல்வர் மேசையில் வைத்துவிட்டு வந்தார். அன்று முதல் மத்தியானப் பிள்ளைகள் திட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தாங்கள் தின்னும் நாசி லெமாக்கை, அந்தத் தேங்காய்ப்பால் சோற்றை, மிளகாய்ச் சம்பலோடு மீனுக்கும் ஊட்டினார்கள். அந்த வாரமே மீனெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

அடுத்த கூட்டத்தில் முதல்வர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தானே கையைத் தூக்கி, "இக்கான் டாப்பாட் ஆப்பா, சிக்கு?" என்று கேட்டார். மீனுக்கு என்ன கிடைத்தது? அறையே சிரித்தது. அந்த அம்மாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். முதல்வர் கெட்ட மனிதர் இல்லை என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். மேலேயிருந்து ஒரு கை, கீழேயிருந்து ஒரு கை, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர் அவர்.

மத்தியானம் பிள்ளைகள் வரும் நேரத்தில் அவர் வாசலில் நிற்பார். மற்ற பள்ளிகளில் மேற்பார்வையாளர் தலைமுடி நீளத்தைப் பார்ப்பார், நகத்தைப் பார்ப்பார், காலுறையின் நிறத்தைப் பார்ப்பார். இவர் முகத்தைப் பார்ப்பார். தாமதமாக வருகிறவனிடம் ஏன் லேட் என்று கேட்க மாட்டார்.

"வீட்டுல யாரு இருந்தா?"

"யாரும் இல்ல டீச்சர்."

பெரும்பாலும் இதுதான் பதில். எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் பண்டமாரானிலிருந்து வருகிறவர்கள். அப்பா கண்டெய்னர் லோரி ஓட்டுவார், எந்த நேரத்தில் வீட்டுக்கு வருவார் என்று அவருக்கே தெரியாது. அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட். காலைப்பள்ளிப் பிள்ளையை எழுப்பி, எதையோ வாயில் திணித்து அனுப்ப யாராவது இருப்பார்கள். மத்தியானப் பள்ளிப் பிள்ளை எழும்போது வீட்டில் எல்லோரும் போயிருப்பார்கள். அது போனைப் பார்த்துக்கொண்டு கிடக்கும், பள்ளி வேன்காரர் ஹார்ன் அடிக்கும்போது சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவரும். வழியில் ஒரு பிஸ்கட் பாக்கெட், பிளாஸ்டிக் பையில் ஐஸ் தண்ணீர். அப்போது எங்கள் கால அட்டவணைப்படி ஓய்வு நேரம் நாலு மணிக்கு.

எனக்கு மூன்றாம் பாடவேளை. நான் உள்ளே போகும்போதே பாதி வகுப்பு மேசையில் கவிழ்ந்திருக்கும். ஒரு நாள் பொறுக்காமல் அவர் அறைக்குப் போனேன்.

"தூங்குமூஞ்சிங்க டீச்சர். ராத்திரி பூரா போன நோண்டுதுங்க, இங்க வந்து தூங்குதுங்க. பெத்தவங்கள கூப்பிட்டுச் சொல்லுங்க."

"அப்படியா சார்?" என்றார்.

மறுநாள் மூன்றாம் பாடவேளைக்கு என் வகுப்புக்கு வந்து, கடைசி வரிசையில் ஒரு பெண்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு ரோஷம். வழக்கத்தைவிட உரக்க, கையை ஆட்டி ஆட்டி, தாவரம் தன் உணவைத் தானே எப்படித் தயாரிக்கிறது என்று நடத்தினேன். பாதிப் பாடத்தில் பிள்ளைகள் கமுக்கமாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மேற்பார்வையாளர் கன்னத்தில் கைவைத்தபடி, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தார்.

மணி அடித்ததும் என்னிடம் வந்தார். "பாடம் நல்லாத்தான் இருந்துச்சு சார். நானும் காலையிலேருந்து ஒரு பிஸ்கட்டு, ஒரு ஐஸ் தண்ணி, அவ்ளோதான். வேணும்னேதான் சாப்பிடல. கண்ண தொறந்து வைக்க முடியல லா."

அடுத்த கூட்டத்தில் உள்ளங்கை மேலே வந்தபோது கேள்வியோடு சேர்த்து ஒரு யோசனையும் வந்தது. மத்தியானப் பள்ளியில் ஒரு மணிக்கு மணி அடித்ததும் முதலில் சோறு, பிறகுதான் பாடம். நாலரை வாக்கில் தொழுகைக்கும் தண்ணீர் குடிக்கவும் சின்னதாக ஒரு இடைவேளை. இதையெல்லாம் சரிக்கட்ட, பள்ளி விடுவது கால் மணி நேரம் தள்ளிப்போகும்.

அந்தக் கால் மணி நேரத்தில்தான் என் ரயில் இருந்தது. பழைய நேரத்துக்கு விட்டால் ஓட்டமும் நடையுமாகப் போய் ஏறிவிடுவேன். கால் மணி தள்ளினால் அது போய்விடும், அடுத்ததற்கு அரை மணி நேரம் உட்கார வேண்டும். பிறகு கேஎல் சென்ட்ரலில் இறங்கி வீடு சேரும்போது பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள், மனைவி வாசல் விளக்கை மட்டும் விட்டுவைத்திருப்பாள். இதை அவரிடம் சொன்னேன். நன்றாகவே சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"கஷ்டம்தான் சார்" என்றார்.

அவ்வளவுதான். இல்லை என்று மறுக்கவும் இல்லை, பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லவும் இல்லை. கஷ்டம்தான் என்று ஒத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

கேன்டீன் நடத்துகிறவர் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்தவர். பள்ளியில் எல்லோருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன். அவரும் லேசில் மசியவில்லை. "ஒரு மணிக்குச் சோறுன்னா நான் பத்து மணிக்கே அரிசி கழுவணும் டீச்சரம்மா. காலைப் புள்ளைங்க கூட்டம் அப்பதானே முடியுது? என் ஆளுங்க ரெண்டு பேரு, ஆளுக்கு ரெண்டு கைதானே இருக்கு?" என்றார். இவர் பதில் சொல்லாமல் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். நானா கரண்டியைக் கழுவினார், மேசையைத் துடைத்தார், திரும்பிப் பார்த்தார், இவர் உட்கார்ந்தே இருந்தார். கடைசியில் நானா, "சரி, குழம்பு ஒரு வகைதான் இருக்கும், பின்னால கொற சொல்லக் கூடாது" என்றார். காசு கொண்டுவராத பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் டீச்சர் அந்தச் செலவில் என்னையும் சேர்த்துவிடுவார்.

முதல்வருக்கு இருந்த சிக்கல் வேறு. மேலேயிருந்து வந்த அட்டவணையில் ஓய்வு நாலு மணிக்கு என்றுதான் இருக்கிறது. "எழுத்துல நாலு மணியாவே இருக்கட்டும் துவான், சோறு மட்டும் ஒரு மணிக்கு இருக்கட்டும்" என்று இவர் மலாயில் சொன்னார். முதல்வர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "தெங்கோ டூலு" என்றார். பார்ப்போம். எங்கள் ஊரில் பார்ப்போம் என்றால் ஆரம்பித்துக்கொள், எனக்குத் தெரியாது என்று அர்த்தம்.

இப்படி ஆரம்பித்ததுதான் ஒரு மணிச் சோறு. பிள்ளைகள் தூக்கம் அடியோடு நின்றுவிட்டதா என்றால் இல்லை. வெயிலுக்கும் சோற்றுக்கும் தூங்குகிறவர்கள் தூங்கத்தான் செய்தார்கள். ஆனால் மூன்றாம் பாடவேளையில் தலைகள் நிமிர்ந்திருந்தன. சில பிள்ளைகள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். தூங்கும் வகுப்பைவிடக் கேள்வி கேட்கும் வகுப்புக்குத்தான் அதிகம் தொண்டை வற்றும். அதையும் சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து, போன ரயிலை நினைத்துக்கொண்டு, அந்த அம்மாவை மனதுக்குள் திட்டுவேன்.

மற்ற ஆசிரியர்களும் களைத்துத்தான் போனார்கள். யாராவது அவசரமாக வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் அனுமதி கொடுப்பார். ஆனால் கையெழுத்துப் போடும்போதே, "அப்போ அந்த வகுப்பு?" என்று கேட்பார். ஆளில்லை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு தானே கிளம்புவார். வலிக்கிற காலோடு அவர் மாடியேறுவதைப் பார்த்துவிட்டு யாருக்கு வீட்டுக்குப் போக மனசு வரும்? சில பேர் பையைத் திரும்ப வைத்துவிடுவார்கள். அது வேண்டுமென்றே செய்வது என்று ஆசிரியர் அறையில் பேச்சு உண்டு. எனக்கும் சந்தேகம் இருந்தது.

ஒருமுறை கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் அவர் கணவரைப் பார்த்தேன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல தமாஷான மனிதர். "பள்ளிக்கூடத்துல எப்படியோ சார், வீட்டுலயும் அதே கேள்விதான். புதுசா ஒரு சோபா வாங்கலாமான்னா, புள்ளைக்கு என்னங்கறா. எங்க புள்ளைக்குக் கல்யாணமாயி அவன் ஜோகூர்ல இருக்கான்" என்றார். டீச்சர் எதிர்வரிசையிலிருந்து பார்த்தார், கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது.

பிறகு அந்த வருகை வந்தது. எங்கள் பள்ளியை முன்மாதிரிப் பள்ளியாக அறிவிக்கலாமா என்று பார்க்க ஒரு குழு வருகிறது என்றார்கள். சுவருக்கு வண்ணம், பூச்சட்டிக்கு வண்ணம், மரத்துக்கு இடுப்பளவு வெள்ளை. முதல்வர் பல மாதங்களாக இதற்காக உழைத்திருந்தார், மனிதர் இளைத்தே போயிருந்தார். நிகழ்ச்சி நிரல்படி பன்னிரண்டு மணிக்கு விருந்தினருக்குச் சாப்பாடு, ஒரு மணிக்குப் பள்ளியைச் சுற்றிப்பார்ப்பது. கூட்டத்தில் முதல்வர் இவரைப் பார்த்து, கிட்டத்தட்டக் கெஞ்சும் குரலில் சொன்னார். அன்றைக்கு மட்டும் அட்டவணையில் உள்ளபடி நடக்கட்டும், ஒரு மணிக்குப் பாடம், நாலு மணிக்கு ஓய்வு.

உள்ளங்கை மேலே வந்தது. "புடாக் டாப்பாட் ஆப்பா, துவான்?"

"பள்ளிக்கு நல்ல பெயர் கிடைக்கும், சிக்கு. ஒரே ஒரு நாள்."

இவர் ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கீழே இறக்கிக்கொண்டார். முதல்வர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நாங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம், பையை எடுத்துக்கொண்டு எழுந்தோம். அந்த அம்மாவோடு அத்தனை வருடம் இருந்தும் அவர் மௌனத்தைப் புரிந்துகொள்ளத் தெரியாமல் போனது எங்கள் தப்புத்தான்.

நம் ஊரில் எந்த வருகையும் சாப்பாட்டில்தான் தொடங்கும். அன்று மேல்மாடிக் கூட்ட அறையில் பிரியாணி, ஆட்டிறைச்சி, வெட்டிவைத்த பழம். விருந்தினர்கள் கையைத் துடைத்துக்கொண்டு, பல்குத்தும் குச்சியை வாயில் வைத்தபடி கீழே இறங்கி வந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. மத்தியானப் பள்ளி மொத்தமும் கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நானாவின் ஒரே வகைக் குழம்பின் வாசம் வாசல்வரை வந்தது. இவர் நடுவில் நின்று, ஒரு பையனுக்குத் தண்ணீர்க் குவளையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

குழுவின் தலைவர் நரைத்த தலை மலாய்க்காரர். அட்டவணைத் தாளைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பாட நேரத்தில் மாணவர்கள் ஏன் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். முதல்வர் இவரைத்தான் பார்த்தார்.

"துவான், நீங்களும் சாப்பிட்டுவிட்டுத்தானே வேலையைத் தொடங்குகிறீர்கள்?" என்றார் இவர், மரியாதையான மலாயில், குரலில் ஒரு துளி கிண்டல் இல்லாமல்.

அந்தத் தலைவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான் போல. சிரித்துக்கொண்டே எதையோ எழுதியும் கொண்டார். முதல்வர் சிரிக்கவில்லை. எனக்கு அவரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. அந்த அம்மாவின் மேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. ஒரு மனிதர் ஆசையாக உழைத்ததை இப்படிக் குழம்பில் முக்க வேண்டுமா? அந்தப் பிள்ளைகள் ஒரு நாள் நாலு மணிக்குச் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்? இதை அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது சார்" என்றார். "ஆனா அவங்க ஏன் டீச்சர்னு கேட்டா நான் என்ன சொல்றது? பெரியவங்க வராங்க, அதனால நீங்க பசியோட இருங்கன்னா?"

விருது வரவில்லை. அட்டவணையை மீறக் கூடாது என்று உத்தரவு மட்டும் வந்தது. சில வாரம் கழித்து அந்த அம்மாவுக்குப் பதவி உயர்வு வந்தது. பெட்டாலிங் ஜெயாவில் ஏதோ ஒரு கல்வி அலுவலகம், பள்ளிக் கட்டடங்களின் பராமரிப்பைப் பார்க்கும் பிரிவு. குளிரூட்டிய அறை, நல்ல நாற்காலி, மாடியேற லிஃப்ட். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு பிள்ளைகூடக் கிடையாது. தான் கேட்டு வந்த மாற்றம் இல்லை என்று முதல்வர் எங்களிடம் சொன்னார். நான் நம்புகிறேன்.

பிரிவு விழா ஏற்பாடு செய்தோம். பிள்ளைகளைத் திடலில் வரிசையாக நிறுத்திப் பாடவைப்பது என்று திட்டம். இவர் வந்து, "வெயில்ல நின்னு பாடுறதுல புள்ளைக்கு என்ன சார்?" என்றார். விழா நின்றது. கடைசி நாள் வழக்கம்போல மத்தியானம் வாசலில் நின்றார், முகங்களைப் பார்த்தார், சாயங்காலம் கணவரின் காரில் ஏறிப் போய்விட்டார்.

அவர் இல்லாத முதல் கூட்டத்தில் முதல்வர் உத்தரவை வாசித்தார். வரும் திங்கள் முதல் மத்தியானப் பள்ளிக்கு ஓய்வு நாலு மணிக்கு, பள்ளி விடுவது பழைய நேரத்துக்கு. வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நாங்கள் எல்லோரும் பையை மடியில் வைத்திருந்தோம். யாரும் எழுந்திருக்கவில்லை. கூட்டம் முடிந்துவிட்டது, ஆனாலும் அத்தனை பேரும் எதற்கோ காத்திருந்தோம். முதல்வர் அந்த மூலை நாற்காலியைப் பார்த்தார். அங்கே புதிய மேற்பார்வையாளர், இளைஞர், பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து முதல்வர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். எனக்கு ரயில் கிடைக்கும். சந்தோஷமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை ஒரு மணிக்கு மணி அடித்தது. நான் புத்தகத்தோடு வகுப்புக்குப் போனேன். வகுப்பில் ஒருவரும் இல்லை. பக்கத்து வகுப்பிலும் இல்லை. மத்தியானப் பள்ளி முழுக்கக் கேன்டீனில் இருந்தது. சுற்றறிக்கையை வகுப்பில் வாசித்திருந்தார்கள், ஆனால் பிள்ளைகள் எதைக் காதில் வாங்குகிறார்கள்? மணி அடித்தது, கால்கள் கேன்டீனுக்குப் போய்விட்டன. அங்கே சோறு தயாராக இருந்தது.

"என்கிட்டயும் சொன்னாங்க சார்" என்றார் நானா, கரண்டியை நிறுத்தாமல். "பத்து மணிக்கு அரிசி கழுவிப் பழகிப்போச்சு. கழுவின அரிசிய என்ன பண்றது?"

மற்ற ஆசிரியர்கள் வாசலில் புத்தகங்களோடு நின்றார்கள். புதிய மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். இருக்கிறவர்களில் நான்தான் மூத்தவன். உள்ளே போய்ப் புகுமுக வகுப்பு மேசையருகில் நின்று, "மணி அடிச்சாச்சு, கிளாசுக்குப் போங்க" என்றேன்.

ஒரு பெண்பிள்ளை வாய் நிறையச் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தது. விழுங்கிவிட்டு, "இல்ல சார். மொதல்ல சாப்பாடு, அப்புறம்தான் பாடம்" என்றது. எதிர்த்துப் பேசவில்லை. புதிதாக வந்த ஆசிரியருக்குப் பள்ளிக்கூடத்து வழக்கத்தைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொல்லிவிட்டு, அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைந்தது.

மேல்மாடி நடைபாதையில் முதல்வர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அண்ணாந்து பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"இன்றைக்கு விட்டுவிடுங்கள்" என்று புதியவரிடம் சொன்னேன். மறுநாளும் அதையே சொன்னேன். இப்போது யாரும் சொல்வதில்லை. எழுத்தில் நாலு மணி இருக்கிறது, சோறு ஒரு மணிக்கு இருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை பள்ளி கால் மணி தாமதமாகத்தான் விட்டது. கிள்ளான் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது தண்டவாளம் காலியாகக் கிடந்தது. கால் கடுத்தது. என்னவோ தோன்றி அவருக்குப் போன் போட்டேன். அவர் மாற்றலாகிப் போன பிறகு நான் பேசுவது அதுதான் முதல் தடவை. நடந்ததை எல்லாம் சொன்னேன், அந்தப் பெண்பிள்ளை சொன்னதையும் சொன்னேன்.

"எல்லாருமா சார்? புகுமுக வகுப்புமா?"

"எல்லாரும் டீச்சர்."

கூட்டத்தில் அவர் பதிலுக்குக் காத்திருப்பதுபோல நானும் காத்திருந்தேன். சந்தோஷப்படுவார், நன்றி சொல்வார், குறைந்தபட்சம் குழம்பு என்ன என்றாவது கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்போ உங்க ரயில் போயிருக்குமே சார்?" என்றார்.

இத்தனை வருடமாக அதை அவர் ஞாபகத்தில் வைத்திருந்திருக்கிறார். தினமும் பள்ளி விடும் மணி அடிக்கும்போதெல்லாம் அது அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. தெரிந்தேதான் அடிக்கச் சொல்லியிருக்கிறார்.

"போயிருச்சு டீச்சர்" என்றேன்.

"அடுத்ததுக்கு அரை மணி நேரம் ஆகும். நின்னுக்கிட்டே பேசாதீங்க சார், கால் வலிக்கும். மொதல்ல ஒக்காருங்க."

நான் உட்கார்ந்தேன்.